வயர்லெஸ் டிரைவர்களில் லாக் வரிசைச் சிக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை டிரைவர் எழுதுபவர்களும், பிறர் எழுதியதைத் திருத்த உட்காருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல், நடுவில் கொஞ்சம் ஃப்ரீபிஎஸ்டி (இன்னொரு திறமூல இயங்குதளம்). மியூடெக்ஸுக்கும் (கிடைக்காவிட்டால் த்ரெட் தூங்கும்) ஸ்பின்லாக்குக்கும் (கிடைக்கும்வரை சுழலும்) வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

லாக் வரிசைன்னா என்ன? தேவையான இடத்துல லாக் போட்டா போதாதா?

லாக் என்பது ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் பூட்டு. ஒரே ஒரு லாக் இருக்கும் டிரைவரில் இந்தப் பேச்சே எழாது. இரண்டாவது லாக் வந்ததும் எழுந்துவிடும். ஒரு த்ரெட் டிரைவரின் லாக்கைப் பிடித்துக்கொண்டு வயர்லெஸ் ஸ்டாக்கின் (டிரைவருக்கு மேலே இருக்கும் பொது வைஃபை நிரல் அடுக்கு) லாக்குக்குக் காத்திருக்கிறது, அதே நேரம் இன்னொரு த்ரெட் ஸ்டாக் லாக்கைப் பிடித்துக்கொண்டு டிரைவர் லாக்குக்குக் காத்திருக்கிறது என்றால் இரண்டும் அப்படியே நின்றுவிடும், பின்னால் வருகிற எல்லாமும் சேர்ந்து நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இடத்திலும் லாக் போட்டது சரியாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை.

டெட்லாக் (மேலே சொன்ன மாதிரி ஒன்றுக்கொன்று காத்து நிற்பது) வர நான்கு நிபந்தனைகள் ஒன்றுசேர வேண்டும் என்று காஃப்மனும் உடன் எழுதியவர்களும் 1971ல் வகுத்துக் காட்டினார்கள்: ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும், ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம், வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாது, காத்திருப்பு வட்டமாகச் சுற்றுகிறது. கெர்னல் லாக்குகளில் முதல் மூன்றும் கூடவே பிறந்தவை. நமக்குக் கைவைக்க இடம் இருப்பது நான்காவதில்தான்: எல்லாப் பாதைகளும் லாக்குகளை ஒரே முன்பின் வரிசையில் எடுத்தால் வட்டம் உருவாகாது.

மத்த டிரைவர்ல இவ்வளவு பாடு இல்லையே, வைஃபைல மட்டும் ஏன்?

அழைப்பு இரண்டு திசையிலும் போகிறது. 'ஸ்கேன் பண்ணு', 'இந்தக் குறியாக்கச் சாவியைப் போடு', 'இந்த ஸ்டேஷனை (வைஃபையில் இணையும் சாதனம்) சேர்' என்று ஸ்டாக் மேலிருந்து டிரைவரைக் கூப்பிடும்போது தன் லாக்கைப் பிடித்துக்கொண்டே கூப்பிடுகிறது. டிரைவர் உள்ளே வந்து தன் லாக்கை எடுக்கும். ஆக வரிசை: ஸ்டாக், பிறகு டிரைவர். ஆனால் ஃபர்ம்வேரிலிருந்து (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) 'ஸ்கேன் முடிந்தது', 'பீக்கன் வரவில்லை' என்று செய்தி வரும்போது டிரைவர் முதலில் தன் லாக்கை எடுத்து, செய்தியைப் பிரித்துப் பார்த்து, அப்புறம் ஸ்டாக்கை மேல்நோக்கிக் கூப்பிடுகிறது. இங்கே வரிசை தலைகீழ். நான் பார்த்த வைஃபை லாக் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வடிவத்தின் மறுபதிப்புகள்.

போதாக்குறைக்கு டிரைவருக்குள் நுழையும் வாசல்கள் ஏராளம். ஹார்டு இன்டரப்ட், சாஃப்ட் இன்டரப்ட், டைமர், ஒர்க்கியூ (தள்ளிவைத்த வேலைகளின், அதாவது ஒர்க்குகளின், வரிசை), பயனர் நிரலிடமிருந்து வரும் நெட்லிங்க் கட்டளை, சஸ்பெண்ட், ஆர்எஃப்கில் (ரேடியோவை அணைக்கும்) பொத்தான், யுஎஸ்பி கார்டைச் சட்டென்று உருவுவது, ஃபர்ம்வேர் விழுந்து மறுபடி எழுவது. ஒரு சாதாரண ஈதர்நெட் டிரைவரில் இவற்றில் பாதிகூட ஒரே நேரத்தில் மோதுவதில்லை.

என் மெஷின் ஒரு தடவைகூட தொங்கல, லாக்டெப் மட்டும் கத்துது. கண்டுக்காம விடலாமா?

விடாதீர்கள். லாக்டெப் என்பது லினக்ஸ் கெர்னலின் லாக் வரிசைச் சோதனைக் கருவி, இங்கோ மோல்நார் எழுதியது, 2006ல் 2.6.18 கெர்னலில் சேர்ந்தது. அது டெட்லாக் நடக்கும்வரை காத்திருப்பதில்லை. எந்த லாக்கைப் பிடித்திருக்கும்போது எந்த லாக் எடுக்கப்பட்டது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே வருகிறது, அதில் வட்டம் தெரிந்ததும் சொல்லிவிடுகிறது. காலையில் ஒரு பாதை ஓடி, சாயங்காலம் எதிர்ப்பாதை ஓடினாலும் போதும், இரண்டும் மோத வேண்டியதில்லை. உங்கள் மெஷினில் அந்த மோதல் நேர்வதற்கான இடைவெளி சில மைக்ரோ வினாடிகளாக இருக்கலாம், டிரைவரைப் பயன்படுத்தும் எல்லா மெஷின்களிலும் அது அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: லாக்டெப் தனித்தனி லாக்குகளைப் பார்ப்பதில்லை, லாக் வகுப்பைப் பார்க்கிறது. ஒரே இடத்தில் தொடக்கநிலை செய்யப்பட்ட ஆயிரம் லாக்குகளும் அதற்கு ஒரே வகுப்பு. இதன் பலனும் தலைவலியும் கீழே பொய் எச்சரிக்கை பற்றிய கேள்வியில் வரும்.

அந்த எச்சரிக்கை ரெண்டு பக்கத்துக்கு ஓடுது. எங்கிருந்து படிக்கிறது?

முதலில் மேலே இருக்கும் இரண்டு லாக் பெயர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எதை எடுக்கப் பார்க்கிறது, எதை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதன் கீழே சார்புச் சங்கிலி தலைகீழாக அச்சாகியிருக்கும், #0 என்பது இப்போது நடப்பது, #1, #2 என்று மேலே போவதெல்லாம் முன்பு எப்போதோ பதிவானவை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அழைப்புத் தடம் உண்டு. அதில் உங்கள் டிரைவரின் பெயர் முதலில் தென்படும் வரியில் நின்று, அந்த ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். கடைசியில் இரண்டு சிபியு வைத்து ஒரு குட்டி அட்டவணை இருக்கும். சங்கிலியில் இரண்டே லாக் என்றால் அதுவே போதும், நாலைந்து லாக் என்றால் அது ரொம்பச் சுருக்கிக் காட்டுவதால் குழப்பும்.

முதல் எச்சரிக்கைக்குப் பிறகு லாக்டெப் தன்னையே அணைத்துக்கொள்ளும். அதனால் 'திருத்தினேன், இன்னொன்று வந்துவிட்டது' என்று பதற வேண்டாம், அந்த இன்னொன்று முன்பே இருந்ததுதான், முதலாவது மறைத்திருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் மறுதொடக்கம் அவசியம். மூல நிரல் தராத மாட்யூல் ஏதாவது ஏற்றியிருந்தாலும் லாக்டெப் அணைந்துவிடும், 'எனக்கு எதுவும் வரவில்லையே' என்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலையை விட்னஸ் செய்கிறது. முதல் லாக், இரண்டாவது லாக், எந்தக் கோப்பில் எந்த வரி என்று சுருக்கமாகச் சொல்லிவிடும். வளர்ச்சிக் கிளையின் பொதுக் கெர்னலில் அது ஏற்கெனவே இயக்கப்பட்டே வருகிறது.

ஒரு நாள் 'சுற்றுச் சார்பு'ன்னு வருது, இன்னொரு நாள் 'லாக் நிலை சீராக இல்லை'ன்னு வருது. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. இரண்டாவதுக்கு ஒரே லாக் போதும். ஸ்பின்லாக் ஒன்றைச் சாதாரண த்ரெட்டில் இன்டரப்டை நிறுத்தாமல் எடுத்திருக்கிறீர்கள், அதே லாக்கை இன்டரப்ட் கையாளும் ஃபங்ஷனும் எடுக்கிறது. த்ரெட் லாக்கைப் பிடித்திருக்கும்போதே அதே சிபியுவில் இன்டரப்ட் வந்தால் அது சுழன்றுகொண்டே இருக்கும், த்ரெட் மறுபடி ஓட வாய்ப்பே கிடைக்காது. சாஃப்ட் இன்டரப்டில் மட்டும் எடுக்கப்படும் லாக்குக்கு, த்ரெட் பக்கத்தில் 'பிஎச்' வகை ஸ்பின்லாக் போதும். ஹார்டு இன்டரப்டில் எடுக்கப்பட்டால் 'ஐஆர்க்யூசேவ்' வகை வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஐஆர்க்யூசேவ் போடுகிறவர்கள் உண்டு. எச்சரிக்கை போகும், ஆனால் அந்த லாக் எங்கிருந்தெல்லாம் எடுக்கப்படுகிறது என்பது எழுதியவருக்கே தெரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ரெண்டு வரியை இடம் மாத்திப் போட்டா சரியாயிடுமே?

இரண்டும் உங்கள் சொந்த லாக்காக இருந்தால், ஆம், பெரும்பாலும் அவ்வளவுதான். எந்த வரிசை என்று தீர்மானித்து, லாக் அறிவிக்கும் இடத்தில் ஒரு கருத்துரையாக எழுதிவைத்து, மீறும் இடங்களைத் திருத்துங்கள்.

ஒன்று ஸ்டாக்குடையது என்றால் இடம் மாற்ற வழியில்லை, ஏனென்றால் ஸ்டாக் லாக்கை எடுக்கும் வரி உங்கள் கோப்பிலேயே இல்லை. அப்போது நான்கு வழிகள்தான்: மேலே கூப்பிடும் முன் உங்கள் லாக்கை விடுவது, மேலே கூப்பிடுவதை ஒரு ஒர்க்காகத் தள்ளிவைப்பது, ஸ்டாக்கின் லாக்கை வெளியிலேயே முதலில் எடுத்துக்கொண்டு பிறகு உங்களுடையதை எடுப்பது, அல்லது உங்கள் லாக்கே தேவையில்லை என்று கண்டுபிடிப்பது. நான் கடைசியிலிருந்து தொடங்கித்தான் யோசிப்பேன். டிரைவரில் லாக் குறையக் குறைய இந்தப் பக்கத்துக்கே வேலை குறையும்.

லாக்கை விட்டு, மேலே கூப்பிட்டு, திரும்ப எடுக்கிறது சரிதானே? ஃப்ரீபிஎஸ்டி டிரைவர்ல எல்லாம் அப்படித்தானே இருக்கு?

இருக்கிறது. அங்கே பல டிரைவர்களில் ஃபிரேம் (வைஃபை தரவுத் துண்டு) ஒன்றை நெட்80211 (ஃப்ரீபிஎஸ்டியின் வயர்லெஸ் ஸ்டாக்) அடுக்கிடம் ஒப்படைக்கும் முன் டிரைவர் லாக்கை விட்டுவிட்டு, திரும்பியதும் எடுப்பார்கள். நிலைமாற்ற ஃபங்ஷனில் இதற்கு நேர் எதிர்: உள்ளே வரும்போது பிடித்திருக்கும் ஸ்டாக் லாக்கை விட்டு, டிரைவர் லாக்கை எடுத்து வேலையை முடித்து, அதை விட்டு, மறுபடி ஸ்டாக் லாக்கை எடுத்துத் திரும்புவது. வரிசைச் சிக்கல் நிஜமாகவே தீர்கிறது.

ஆனால் லாக் இல்லாத அந்த இடைவெளியில் உலகம் மாறியிருக்கலாம் என்பதை நிரல் ஏற்றுக்கொள்ள வேண்டும். கார்டு உருவப்பட்டிருக்கலாம், இன்டர்ஃபேஸ் அழிக்கப்பட்டிருக்கலாம், கையில் வைத்திருக்கும் ஸ்டேஷன் சுட்டி காலாவதி ஆகியிருக்கலாம். ஆகவே விடும் முன் அந்தப் பொருளுக்கு ஒரு ரெஃபரன்ஸ் (பயன்பாட்டில் இருக்கும்வரை அதை அழியவிடாத குறி) எடுத்துக்கொள்வதும், திரும்ப லாக் எடுத்ததும் 'இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோமா' என்று கொடியைப் பார்ப்பதும் கட்டாயம். இவை இரண்டும் இல்லாமல் லாக்கை விட்டு எடுக்கும் திருத்தம், டெட்லாக்கைக் கொடுத்துவிட்டு, விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழையை வாங்கிவருகிறது. முன்னது மெஷினைத் தொங்கவைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும், பின்னது சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கும். எனக்கு முன்னதே தேவலை.

பெறும் வரிசையைச் சுற்றிவரும் லூப்புக்கு நடுவில் லாக்கை விடுவது இன்னும் மோசம், லிஸ்டின் அடுத்த உறுப்பு அங்கேயே இருக்கும் என்று நம்ப முடியாது. ஃபிரேம்களை முதலில் உள்ளூர் லிஸ்ட் ஒன்றுக்கு மொத்தமாக மாற்றிக்கொண்டு, லாக்கை ஒரே முறை விட்டு, பிறகு ஒவ்வொன்றாக மேலே அனுப்புங்கள்.

அப்போ லினக்ஸ்ல எது முதல்ல, எது அப்புறம்?

வெளியிலிருந்து உள்ளே: ஆர்டிஎன்எல் (எல்லா நெட்வொர்க் சாதனங்களுக்கும் பொதுவான மியூடெக்ஸ்), பிறகு விஃபி மியூடெக்ஸ் (விஃபி என்பது ஒரு வயர்லெஸ் கார்டைக் குறிக்கும் கட்டமைப்பு), பிறகு டிரைவரின் சொந்த மியூடெக்ஸ், கடைசியில் ஸ்பின்லாக்குகள். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு மியூடெக்ஸ் எடுக்கவே கூடாது, அது வரிசைக்கும் முந்தைய விதி. மேக்80211 (லினக்ஸ் வயர்லெஸ் ஸ்டாக்கின் அடுக்கு) கூப்பிடும் ஃபங்ஷன்களில் டிஎக்ஸ், செட்_டிம், எஸ்டிஏ_நோட்டிஃபை போன்றவை தூங்க முடியாத சூழலில் வருபவை, அவற்றுக்குள் மியூடெக்ஸ் எடுக்கும் ஆசை வந்தால் டிரைவரின் வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

2021ல் வந்த 5.12 கெர்னலுக்கு முன் டிரைவர் அழைப்புகள் பெரும்பாலும் ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டே வந்தன. அதில்தான் கார்டு வாரியான விஃபி மியூடெக்ஸ் வந்தது: இப்போது நெட்லிங்க் கட்டளை வந்ததும் ஆர்டிஎன்எல் எடுத்து, விஃபி மியூடெக்ஸ் எடுத்து, தேவையில்லாத கட்டளைகளுக்கு ஆர்டிஎன்எல்லை உடனே விட்டுவிடுகிறார்கள். 2023ல் இன்னும் ஒரு படி போனார்கள். மேக்80211 உள்ளே ஸ்டேஷன், சாவி, சேனல் என்று தனித்தனியாக இருந்த மியூடெக்ஸ்களை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் விஃபி மியூடெக்ஸின் கீழ் கொண்டுவந்தார்கள். 'ஒரே பெரிய லாக் மெதுவாகிவிடுமே' என்று கேட்பார்கள். இது கட்டுப்பாட்டுப் பாதைக்குத்தான். ஃபிரேம்கள் ஓடும் பாதையில் ஆர்சியுவும் (படிப்பவர் லாக் எடுக்காமலே படிக்க விடும் முறை) சின்னச் சின்ன ஸ்பின்லாக்குகளும்தான் வேலை செய்கின்றன, ஸ்கேன் கட்டளை சில மைக்ரோ வினாடிகள் தாமதமானால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்படின்னா என் டிரைவர் மியூடெக்ஸ் இனிமே தேவையா?

பல டிரைவர்களுக்குத் தேவையில்லை. அந்த மியூடெக்ஸ் காக்கும் ஒவ்வொரு மாறியையும் பட்டியலிடுங்கள், அதைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் விஃபி மியூடெக்ஸ் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று லாக்டெப்_அசெர்ட்_விஃபி போட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கே எச்சரிக்கை வருகிறதோ அங்கேதான் உண்மையான வேலை. பெரும்பாலும் அது டிரைவரின் சொந்த ஒர்க் ஃபங்ஷனாகவோ டிபக்எஃப்எஸ் கோப்பாகவோ (பிழை தேடுவதற்காகக் கெர்னல் காட்டும் கோப்பு) இருக்கும். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஒன்று மட்டும்: சேர்த்த அசெர்ட்டுகளை வேலை முடிந்ததும் அழிக்காதீர்கள், அடுத்து வருபவருக்கு அவைதான் ஆவணம்.

கேன்சல்_ஒர்க்_சிங்க்ல தொங்குது. அங்க லாக்கே இல்லையே!

கேன்சல்_ஒர்க்_சிங்க் ஒரு ஒர்க்கை நீக்கும், அது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும். காத்திருப்பதும் லாக் எடுப்பது மாதிரிதான், இது மனதில் பதியாதவரை வைஃபை டிரைவர் லாக்கிங் பிடிபடாது. ஒரு மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, அதே மியூடெக்ஸை எடுக்கும் ஒர்க் முடியும்வரை காத்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். பெயரில் 'சிங்க்' என்று வரும் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். டைமரை நிறுத்தி முடியும்வரை காத்திருக்கும் ஃபங்ஷனை, டைமர் எடுக்கும் ஸ்பின்லாக்கோடு கூப்பிடக்கூடாது. யுஎஸ்பி_கில்_யுஆர்பி, அந்தக் கோரிக்கையின் நிறைவு ஃபங்ஷன் முடியும்வரை நிற்கும். ஃப்ரீ_ஐஆர்க்யூ கையாளும் ஃபங்ஷனுக்கும், நாபி_டிசேபிள் போல் ஃபங்ஷனுக்கும் அப்படியே. ஃப்ரீபிஎஸ்டியில் டாஸ்க்கியூ_டிரெயின், கால்அவுட்_டிரெயின் இரண்டும் இதே குணம்.

நல்லவேளையாக லினக்ஸில் ஒர்க்குகளுக்கும் லாக்டெப் குறி உண்டு, அதனால் எச்சரிக்கையில் லாக் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒர்க்கின் பெயர் வரும். திருத்தம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: லாக்குக்குள் 'நிற்கிறோம்' என்று கொடி வைத்து, லாக்கை விட்டு, பிறகு கேன்சல் செய்வது. ஒர்க் ஃபங்ஷன் லாக் எடுத்ததும் கொடியைப் பார்த்துத் திரும்பிவிட வேண்டும், தன்னை மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்ளவும் கூடாது.

பொது ஒர்க்கியூவை ஃபிளஷ் பண்ணிட்டா?

வேண்டாம். ஃபிளஷ் என்றால் வரிசையில் இருப்பதெல்லாம் முடியும்வரை காத்திருப்பது. அந்த வரிசையில் யார் யாருடைய ஒர்க் இருக்கிறது, அது எந்த லாக்கை எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆர்டிஎன்எல்லைப் பிடித்திருக்க, ஆர்டிஎன்எல் கேட்கும் வேறு யாருடைய ஒர்க்கோ அங்கே நின்றால் முடிந்தது கதை. உங்கள் ஒர்க்கை மட்டும் பெயர் சொல்லி கேன்சல் செய்யுங்கள்.

விஃபி ஒர்க்னு ஒண்ணு வந்திருக்கே, அது இதை எப்படித் தீர்க்குது?

2023ல் சேர்ந்தது. இந்த ஒர்க் எப்போதும் விஃபி மியூடெக்ஸைப் பிடித்த நிலையிலேயே ஓடுகிறது. அதை கேன்சல் செய்பவரும் விஃபி மியூடெக்ஸைப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. விளைவைப் பாருங்கள்: நீங்கள் மியூடெக்ஸைப் பிடித்திருக்கும் நேரத்தில் அந்த ஒர்க் ஓடிக்கொண்டிருக்கவே முடியாது, ஒன்று இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது. கேன்சல் என்பது லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவது மட்டுமே, காத்திருப்பு இல்லை, ஆகவே முன் சொன்ன வட்டமும் இல்லை. தாமதமாக ஓடும் வகையும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. அதற்குள் ஆர்டிஎன்எல் எடுக்காதீர்கள், வரிசை தலைகீழாகிவிடும். நீண்ட நேரம் தூங்கும் வேலையையும் அதில் போடாதீர்கள், அந்தக் கார்டின் மொத்தக் கட்டுப்பாட்டுப் பாதையும் அதுவரை நின்றுவிடும்.

இன்டர்ஃபேஸ்களைச் சுத்திவர மூணு ஃபங்ஷன் இருக்கு. எதை எடுக்கிறது?

மேக்80211 தரும் அந்த மூன்றில் 'அட்டாமிக்' என்று முடிவது ஆர்சியுவின் கீழ் ஓடுகிறது, உள்ளே தூங்கக்கூடாது. பின்னொட்டு இல்லாதது இன்டர்ஃபேஸ் லிஸ்டின் மியூடெக்ஸை எடுக்கிறது. 'எம்டிஎக்ஸ்' என்று முடிவது, விஃபி மியூடெக்ஸை நீங்களே ஏற்கெனவே பிடித்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் நடுவில் இருப்பதில். ஒரு இடத்தில் டிரைவர் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு அதைக் கூப்பிடுகிறீர்கள், இன்னொரு இடத்தில் அது ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன் உள்ளே டிரைவர் மியூடெக்ஸை எடுக்கிறது. இரண்டும் வேறு வேறு கோப்பில் இருப்பதால் கண்ணில் படுவதே இல்லை. புது கெர்னல் என்றால் எம்டிஎக்ஸ் வகைக்கு மாறிவிடுங்கள். பழையதென்றால் அட்டாமிக் வகையில் தேவையான தகவலை மட்டும் சேகரித்துக்கொண்டு, மற்ற வேலையை வெளியே வந்து செய்யுங்கள்.

ட்ரைலாக் போட்டு, கிடைக்கலைன்னா திரும்ப முயற்சி பண்ணினா?

ட்ரைலாக் என்பது காத்திருக்காமல் லாக்கை எடுக்க முயல்வது. லாக்டெப் அமைதியாகும், பிழை அப்படியே இருக்கும். லாக்கைப் பிடித்துக்கொண்டு ட்ரைலாக்கில் சுழன்றால் டெட்லாக்குக்குப் பதில் சிபியு சூடாகும், அவ்வளவுதான். கிடைக்கவில்லை என்று வேலையைக் கைவிட்டால் அந்தச் சாவி போடப்படாமலே போகும், பயனருக்கு 'சில சமயம் இணைப்பு வருவதில்லை' என்று தெரியும். ஒரு நியாயமான பயன்பாடு உண்டு: சிஸ்எஃப்எஸ் (சாதன அமைப்புகளைக் கெர்னல் கோப்பாகக் காட்டும் இடம்) கோப்பு கையாளும் ஃபங்ஷன்களில் ஆர்டிஎன்எல்லை ட்ரைலாக் செய்து, கிடைக்காவிட்டால் கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சிஸ்டம் கால் (நிரல் கெர்னலைக் கூப்பிடும் அழைப்பு) முழுவதையும் முதலிலிருந்து தொடங்கவைப்பார்கள். கையில் எதுவும் இல்லாமல் திரும்புவதுதான் அதை ஏற்கத்தக்கதாக்குகிறது.

டிபக்எஃப்எஸ் கோப்பைப் படிக்கும்போது இன்டர்ஃபேஸை அழிச்சா தொங்குது. இதுல வரிசை எங்க வருது?

இதுவும் கேன்சல் கேள்வியின் தம்பிதான். டிபக்எஃப்எஸ் கோப்பை நீக்கும் ஃபங்ஷன், அதை அப்போது படித்துக்கொண்டிருப்பவர் வெளியே வரும்வரை காத்திருக்கும். நீக்குபவர் விஃபி மியூடெக்ஸைப் பிடித்திருக்கிறார், படிப்பவர் அதையே கேட்கிறார். இதற்கென்று விஃபி_லாக்டு_டிபக்எஃப்எஸ்_ரீட், அதன் ரைட் ஜோடி இரண்டும் இருக்கின்றன. அவை வேலையை விஃபி ஒர்க்காக ஓட்டி, கோப்பு நீக்கப்படும்போது கைவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கையால் லாக் எடுப்பதை விட்டு அவற்றுக்கு மாறுங்கள்.

ஆர்எஃப்கில் பதிவு பண்ற இடத்துல லாக்டெப் ஏன் கத்துது?

ஆர்எஃப்கில் தன் பொது மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு 'ரேடியோவை அணை' என்று கூப்பிடுகிறது, அந்த அழைப்பு ஆர்டிஎன்எல் எடுக்கிறது. ஆகவே ஆர்எஃப்கில் வெளியே, ஆர்டிஎன்எல் உள்ளே. நீங்கள் ஆர்டிஎன்எல்லைப் பிடித்தபடி ஆர்எஃப்கில் பதிவு செய்தால் தலைகீழ். பதிவை ஆர்டிஎன்எல்லை விட்ட பிறகு வையுங்கள்.

லாக்டெப் சொல்றது பொய்னு எனக்கு உறுதியாத் தெரியும். நெஸ்டெட் போட்டு வாயை அடைக்கலாமா?

பொய் எச்சரிக்கை உண்டு. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு லாக்கை நிஜமாகவே ஒரு படிநிலையில் எடுக்கிறீர்கள் என்றால், உதாரணத்துக்கு முதலில் தாய்ச் சாதனம், பிறகு அதன் கீழ் உள்ளது, மியூடெக்ஸ்_லாக்_நெஸ்டெட் அதற்குத்தான். ஒரு வகுப்புக்கு 8 துணைவகுப்புகள்வரை இடம் உண்டு. அல்லது இரண்டு வகை சாதனங்களுக்கும் தனி லாக் வகுப்பே கொடுத்துவிடலாம், அது படிப்பவருக்கும் தெளிவு.

சோதனை இதுதான்: 'இந்த இரண்டு லாக்கும் எப்போதும் இந்த வரிசையில்தான் எடுக்கப்படும், காரணம் இது' என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடிகிறதா? முடிந்தால் அந்த வாக்கியத்தைக் கருத்துரையாகப் போட்டு நெஸ்டெட் போடுங்கள். 'நடைமுறையில் அப்படி நேராது' என்றுதான் எழுத வருகிறது என்றால் அது பொய் எச்சரிக்கை இல்லை.

லாக்டெப் சுத்தமா இருக்கு, ஆனா ஃபர்ம்வேர் விழுந்தா மட்டும் எல்லாம் நிக்குது. எப்படி?

லாக்டெப்புக்குத் தெரியாத காத்திருப்பு ஒன்று இருக்கிறது: கம்ப்ளீஷன் (ஒரு வேலை முடிந்த செய்திக்குக் காத்திருக்கும் வசதி). டிரைவர் தன் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்கிறது. பதிலை எடுத்துக்கொடுப்பது ஒரு ஒர்க். அந்த ஒர்க்கின் வரிசையில் பதிலுக்கு முன்னால் வேறொரு நிகழ்வு நிற்கிறது, அதைக் கையாள அதே மியூடெக்ஸ் வேண்டும். பதில் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. ஃபர்ம்வேர் விழும்போது நிகழ்வுகள் குவிவதால் அப்போது மட்டும் வெளிப்படுகிறது. கம்ப்ளீஷனையும் கண்காணிக்க 2017ல் லாக்டெப்பில் ஒரு வசதி சேர்த்தார்கள், பொய் எச்சரிக்கைகள் தாங்காமல் அதே ஆண்டே எடுத்துவிட்டார்கள். ஆக இது கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியது.

கட்டளைப் பதில்களை மற்ற நிகழ்வுகளிலிருந்து பிரித்துவிடுங்கள். பதிலைப் பெற்றுக் காத்திருப்பவரை எழுப்பும் பாதை எந்த மியூடெக்ஸையும் எடுக்கக்கூடாது, அதிகபட்சம் ஒரு சின்ன ஸ்பின்லாக். காத்திருப்புக்குக் காலக்கெடு கட்டாயம். ஃபர்ம்வேர் செத்துவிட்டது என்று தெரிந்ததும், மறுதொடக்க ஒர்க் மியூடெக்ஸைக் கேட்பதற்கு முன்பே, காத்திருக்கும் எல்லோரையும் பிழைக்குறியோடு எழுப்பிவிடுங்கள். காலக்கெடு மட்டும் வைத்து விடுபவர்கள் உண்டு, அப்போது டெட்லாக் பல வினாடி உறைவாக மாறுகிறது, பிழை அறிக்கைகள் 'மெதுவாக இருக்கிறது' என்று வருகின்றன.

கார்டு கையில இல்லாம சோதிக்க முடியுமா?

மேக்80211_எச்டபிள்யூசிம் மாட்யூல் மென்பொருளாலேயே ரேடியோக்களை உருவாக்கித் தரும், ஸ்டாக் பக்க லாக்குகளைப் புரிந்துகொள்ள அது அருமை. ஆனால் உங்கள் டிரைவரின் லாக்குகள் அதில் ஓடாதே, அதற்கு நிஜக் கார்டுதான். ப்ரூவ்_லாக்கிங் (லாக்டெப் சோதனைக்கான கெர்னல் தேர்வு) இயக்கிய கெர்னலில், ஸ்கேன் ஓடும்போது இன்டர்ஃபேஸை இறக்குங்கள், தரவு ஓடும்போது மாட்யூலை நீக்குங்கள், இணைப்பு ஏற்படும் நடுவில் ஆர்எஃப்கில் அழுத்துங்கள், சஸ்பெண்டுக்குப் போகும்போது யுஎஸ்பி கார்டை உருவுங்கள், ஃபர்ம்வேரை வேண்டுமென்றே விழவையுங்கள். இவை எல்லாம் ஒரு முறை ஓடினாலே லாக்டெப்புக்குப் போதும். ஆயிரம் முறை பதிவிறக்க வேகம் அளப்பதால் லாக் வரிசைக்கு ஒரு பயனும் இல்லை.

ஏற்கெனவே தொங்கிருச்சு. ரீபூட்டுக்கு முன்ன என்ன எடுத்துவைக்கணும்?

சிஸ்ஆர்க்யூவில் (கெர்னலுக்கே நேராகக் கட்டளை தரும் விசை) 'டபிள்யூ' (w) எழுத்து, நின்றுபோன த்ரெட்களின் தடங்களைத் தரும். லாக்டெப் இயக்கிய கெர்னலில் 'டி' (d) எழுத்து, யார் எந்த லாக்கைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். எதையும் அழுத்த முடியாத நிலை என்றால், தொங்கும் த்ரெட்களைக் கண்காணிக்கும் வசதி இயக்கத்தில் இருக்கும்போது, இயல்பாக 120 வினாடி கழித்துக் கெர்னலே ஒரு பதிவு எழுதும், அதுவரை பொறுத்திருங்கள். அந்தத் தடங்களில் ஆர்டிஎன்எல்லுக்குக் காத்திருப்பவர்கள் வரிசையாக வருவார்கள், அவர்கள் எல்லாம் பாதிக்கப்பட்டவர்கள்தான். ஆர்டிஎன்எல்லை வைத்துக்கொண்டு வேறு எதற்கோ காத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள்.

பேட்ச் விளக்கத்தில் முழு லாக்டெப் பதிவையும் ஒட்டணுமா?

வெட்டி ஒட்டுங்கள். நேர முத்திரை, ரெஜிஸ்டர் மதிப்புகள், டிரைவருக்குச் சம்பந்தமில்லாத தடங்கள் எல்லாம் போகட்டும். அதற்கு மேலே உங்கள் சொற்களில் இரண்டு பாதைகளையும் எழுதுங்கள்: இந்த ஃபங்ஷன் இதைப் பிடித்துக்கொண்டு அதை எடுக்கிறது, அந்த ஃபங்ஷன் அதைப் பிடித்துக்கொண்டு இதை எடுக்கிறது. எந்த வரிசையைச் சரியென்று தேர்ந்தீர்கள், ஏன் என்பதையும் சேருங்கள். லாக்கை இடையில் விடும் திருத்தம் என்றால், விட்ட இடைவெளியில் என்னென்ன மாறலாம், அதை எப்படிச் சமாளித்திருக்கிறீர்கள் என்பதைப் பரிசீலிப்பவர் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள், கட்டாயம் கேட்பார். பிழையை நுழைத்த பழைய மாற்றத்தைக் கண்டுபிடித்து 'ஃபிக்ஸஸ்' வரியில் குறிப்பிட்டால் நிலைக் கெர்னல்களுக்கும் அது தானாகப் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். ஆனால் 2023க்கு முந்தைய கிளைகளில் விஃபி ஒர்க் இல்லாமல் இருக்கலாம், அங்கே வேறு திருத்தம்தான் எழுத வேண்டியிருக்கும்.